பிரெட் கிரிஃபித்

பிரெட் கிரிஃபித் (1877 – ஏப்ரல் 1941) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் பாக்டீரியா ஆய்வாளரும் ஆவார். நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் ஒரு வகை வேறொரு வகையாக மாறக்கூடும் என்பதை 1928ஆம் ஆண்டு இவர் வெளியிட்டார். "மரபுத்தோற்ற மாற்றம்" என்று பாடநூல்களில் குறிப்பிடப்படும் இந்நிகழ்வே, மரபுப்பொருள் டி.என்.ஏ. தான் என்று 1944இல் நிறுவப்படுவதற்கு அடிப்படையாக அமைந்தது. இக்காரணத்தால் கிரிஃபித் பெரும்பாலும் மரபியல் வரலாற்றின் முதற்படியாக மட்டுமே அறியப்படுகிறார். ஆனால் அவர் மரபியலாளர் அல்லர். நோயாளியின் உடலுக்குள் சூழல் மாறும்போது பாக்டீரியா என்ன செய்கிறது என்பதே அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது.

இளமையும் கல்வியும்

கிரிஃபித் இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் உள்ள ஹேல் என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1877 என்றும் 1879 என்றும் இரு விதமாக நூல்களில் காணப்படுகிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1901இல் பட்டம் பெற்றார். பின்னர் லிவர்பூல் அரச மருத்துவமனையில் பணியாற்றினார். காசநோய் குறித்து ஆராய அரசு அமைத்திருந்த ஆணையத்திலும் பணிபுரிந்தார். இவருடைய உடன்பிறந்தவரான ஆர்தர் ஸ்டான்லி கிரிஃபித்தும் காசநோய்க் கிருமிகளை ஆராய்ந்த பாக்டீரியா வல்லுநரே. தனிவாழ்வைப் பற்றி இவர் எழுதி வைத்தது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

அமைச்சக ஆய்வகம்

1910இல் கிரிஃபித் உள்ளாட்சி வாரியத்தின் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் அவ்வாரியத்தின் பொறுப்புகள் புதிதாக அமைக்கப்பட்ட சுகாதார அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டன. இலண்டன் எண்டல் தெருவில் இருந்த அமைச்சகத்தின் நோயியல் ஆய்வகமே அதன்பின் அவரது உலகமாயிற்று. அங்கு அவருடன் பணியாற்றியவர் வில்லியம் ஸ்காட். அரசு அந்த ஆய்வகத்துக்கு ஒதுக்கிய பணம் மிகக் குறைவு. இவ்விருவருக்கும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் ஓர் அடுப்பும் இருந்தால் போதும், அரண்மனை போன்ற ஆய்வகம் உள்ளவர்களைக் காட்டிலும் மேலான வேலையைச் செய்வார்கள் என்று சக ஆய்வாளர்கள் பேசிக்கொண்டனர்.

இது பல்கலைக்கழக ஆய்வகம் அன்று என்பது கருதத்தக்கது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து நோயாளிகளின் சளி, குருதி மாதிரிகள் இங்கு வந்து சேரும். எந்த ஊரில் எந்தக் கிருமி பரவுகிறது என்று கண்டறிந்து அமைச்சகத்துக்கு அறிக்கை தருவதே வேலை. கிரிஃபித் இதை அலுப்பான எழுத்தர் வேலையாகக் கருதவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரிலிருந்து வரும் மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பல்கலைக்கழகப் பேராசிரியர் பலருக்குக் கிடைக்காதது.

நிமோனியாவும் வகைகளும்

நிமோகாக்கஸ் 1881இல் பிரான்சில் பாஸ்டராலும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்காலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. இன்று இதன் அறிவியற் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. அதாவது தொண்டை அழற்சி, பிரசவக் காய்ச்சல், ரூமாட்டிக் காய்ச்சல் ஆகியவற்றுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிசின் உறவுக் கிருமி இது. உருண்டையான செல்கள் இரண்டிரண்டாகவோ சிறு சங்கிலியாகவோ காணப்படும். நோய் உண்டாக்கும் செல்களைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை இருக்கும். இவ்வுறை கூட்டுச்சர்க்கரையால் ஆனது. வெள்ளணுக்கள் கிருமியைப் பற்றி விழுங்க முடியாதபடி இது காக்கிறது.

உறையின் சர்க்கரை அமைப்பு எல்லா நிமோகாக்கசிலும் ஒன்றல்ல. ஒன்றுக்கு எதிராக உண்டான குருதிநீர் மற்றொன்றைத் தாக்காது. இதன் அடிப்படையில் பெர்லினில் நாய்ஃபெல்டும், பின்னர் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தாரும் நிமோகாக்கசை 1, 2, 3 என வகைப்படுத்தினர். இம்மூன்றிலும் அடங்காதவை எல்லாம் 4ஆம் தொகுதி என்ற ஒரே கூடையில் போடப்பட்டன. (இன்று 100க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.)

அன்றைய மருத்துவத்தில் இது வெறும் பட்டியல் வேலை அன்று. சல்ஃபா மருந்துகளோ பெனிசிலினோ வராத காலம் அது. வகை தெரிந்தால்தான் அதற்குரிய எதிர்ப்புக் குருதிநீரைக் குதிரையிடமிருந்து பெற்று நோயாளிக்குச் செலுத்த முடியும். 1918–19ஆம் ஆண்டுகளின் இன்புளுயன்சா பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது அதைத் தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியாவே. எனவே வகைகள் நிலையானவையா என்ற கேள்வி நோயாளியின் உயிரைப் பற்றிய கேள்வியாக இருந்தது. வகை என்பது மாறாத ஒன்று என்பதே அக்காலப் பொதுக் கருத்து.

1923ஆம் ஆண்டு ஆய்வு

நிமோகாக்கசைத் தட்டில் வளர்க்கும்போது உறையுள்ள செல்கள் பளபளப்பான வழவழத் திட்டுகளாகவும் உறையற்றவை சொரசொரப்பான சிறு திட்டுகளாகவும் தோன்றும். முன்னவை எஸ் வடிவம் என்றும் பின்னவை ஆர் வடிவம் என்றும் அழைக்கப்படுகின்றன. இத்தகைய இரு வடிவங்களை வயிற்றளைச்சல் கிருமிகளில் ஆர்க்ரைட் என்பவர் 1921இல் விவரித்திருந்தார். நிமோகாக்கசிலும் அவை உண்டு என்று கிரிஃபித் 1923இல் காட்டினார்.

எஸ் வடிவத்தை அதற்கு எதிரான குருதிநீர் கலந்த ஊடகத்தில் வளர்த்தபோது ஆர் வடிவம் தோன்றியது. ஆர் வடிவம் சுண்டெலியைக் கொல்வதில்லை. அதே ஆர் வடிவத்தைச் சுண்டெலியின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி எடுத்தபோது சில வேளைகளில் உறை திரும்பியது, கொல்லும் ஆற்றலும் திரும்பியது. எதிர்ப்புப் பொருள் நிறைந்த சூழலில் உறை போகிறது, உடலின் சூழலில் உறை வருகிறது என்பதே கிரிஃபித் கண்ட காட்சி.

இங்கே இன்றைய அறிவைக் கொண்டு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். பாக்டீரியாக் கூட்டம் ஒன்று சூழலுக்கேற்ப மாறுவது இரண்டு வழிகளில் நிகழலாம். கூட்டத்தில் தற்செயலாகத் தோன்றிய சில மாற்றுருக்கள் அச்சூழலில் பிழைத்துப் பெருகுவது ஒரு வழி. ஒவ்வொரு செல்லும் சூழலை உணர்ந்து தன் மரபணுக்களை இயக்கியோ நிறுத்தியோ மாறுவது மற்றொரு வழி. கிரிஃபித் 1923இல் கண்டது பெரும்பாலும் முதல் வழியைச் சேர்ந்தது. இரண்டையும் பிரித்தறியும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை.

1928ஆம் ஆண்டு ஆய்வு

பர்மிங்காமுக்கு அருகில் உள்ள ஸ்மெதிக் பகுதி நோயாளிகளின் சளியைக் கிரிஃபித் 1920 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். இக்காலத்தில் 2ஆம் வகை வெகுவாகக் குறைந்து 4ஆம் தொகுதி பெருகிவருவதைக் கண்டார். வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. ஒரே நோயாளியின் சளியை நோயின் வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்த்தால் இரண்டு, மூன்று, சிலபோது அதற்கும் மேற்பட்ட வகைகள் கிடைத்தன. இத்தனை வகைகளையும் அந்நோயாளி தனித்தனியே மூச்சில் இழுத்தார் என்பதை அவரால் எளிதில் ஏற்க முடியவில்லை. உடலுக்குள்ளேயே ஒரு வகை மற்றொன்றாக மாறியிருக்கலாமோ என்று ஐயுற்றார்.

இந்த ஐயம் ஒரு பகுதி தவறானது. ஒருவர் மூக்கில் ஒரே வேளையில் பல வகைகள் குடியிருப்பது மிக இயல்பு என்று இன்று தெரியும். எனினும் இந்த ஐயம்தான் அவரைச் சோதனைக்குத் தூண்டியது.

சோதனையின் சூட்சுமம் வகைகளைத் தேர்ந்தெடுத்ததில் உள்ளது. பள்ளிப் பாடங்களில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆர் வடிவம் தானாகவே எஸ் வடிவமாகத் திரும்பக்கூடும் என்பது கிரிஃபித்துக்கு முன்பே தெரியும். எனவே உயிருள்ள ஆர் வடிவத்தையும் இறந்த எஸ் வடிவத்தையும் கலந்து செலுத்திச் சுண்டெலி இறந்தது என்று மட்டும் காட்டினால் போதாது. ஆர் தானே திரும்பியது என்று யாரும் மறுத்துவிடலாம். அதனால் அவர் 2ஆம் வகையிலிருந்து வந்த உயிருள்ள ஆர் வடிவத்தையும், 60 பாகை செல்சியசு வெப்பத்தில் கொல்லப்பட்ட 3ஆம் வகை எஸ் வடிவத்தையும் எடுத்துக்கொண்டார். ஆர் தானாகத் திரும்பினால் 2ஆம் வகைதான் தோன்ற வேண்டும். 3ஆம் வகை தோன்றினால் அதற்கான ஏதோ ஒன்று இறந்த செல்களிலிருந்து வந்திருக்க வேண்டும்.

உயிருள்ள ஆர் வடிவத்தை மட்டும் பெற்ற சுண்டெலிகள் பிழைத்தன. இறந்த எஸ் வடிவத்தை மட்டும் பெற்றவையும் பிழைத்தன. இரண்டையும் சேர்த்துத் தோலுக்கடியில் பெற்றவற்றுள் பல இறந்தன. இறந்தவற்றின் குருதியிலிருந்து உயிருள்ள 3ஆம் வகை நிமோகாக்கஸ் கிடைத்தது. அதை மேலும் வளர்த்தபோது சந்ததிகளும் 3ஆம் வகையாகவே இருந்தன.

இம்முடிவுகள் ஏறத்தாழ 50 பக்கங்கள் கொண்ட கட்டுரையாக 1928 சனவரியில் சுகாதாரவியல் இதழ் ஒன்றில் வெளியாயின. கட்டுரையின் பெரும்பகுதி சளி மாதிரிகளைப் பற்றியது. அதன் பெயரும் நிமோகாக்க வகைகளின் முக்கியத்துவம் என்ற பொருளிலேயே அமைந்திருந்தது. மரபணு என்ற பேச்சே அதில் இல்லை. இறந்த செல்களில் எஞ்சிய ஏதோ ஒரு பொருளை ஆர் வடிவம் உணவுபோல் எடுத்துக்கொண்டு தன் உறையை மீண்டும் கட்டிக்கொள்கிறது என்பதே அவர் தந்த விளக்கம்.

சோதனைக் குழாயில் இதே மாற்றத்தை உண்டாக்கக் கிரிஃபித் முயன்றார், முடியவில்லை. சுண்டெலியின் உடலில் நடப்பது கண்ணாடிக் குழாயில் நடக்கவில்லை. பிற்கால ஆய்வுகளின் ஒளியில் பார்க்கும்போது கட்டுரையின் மிக ஆழமான குறிப்பு இத்தோல்விதான் எனலாம்.

பின்வந்த சோதனைகள்

பெர்லினில் நாய்ஃபெல்ட் குழுவினர் 1928லேயே கிரிஃபித்தின் முடிவை உறுதிப்படுத்தினர். ராக்பெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி முதலில் இதை நம்பவில்லை. அவரது ஆய்வகத்தைச் சேர்ந்த டாசன் சோதனையைத் திரும்பச் செய்து சரியெனக் கண்டார். டாசனும் சியாவும் 1931இல் குருதிநீர் சேர்த்த ஊடகத்தில், சுண்டெலி இல்லாமலே இம்மாற்றத்தை உண்டாக்கினர். 1932இல் அல்லோவே முழுச் செல்களுக்குப் பதிலாக வடிகட்டிய சாற்றையே பயன்படுத்தினார். ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி ஆகியோர் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தி, மாற்றத்தை உண்டாக்கும் பொருள் டி.என்.ஏ. என 1944 பிப்ரவரியில் வெளியிட்டனர்.

இடைப்பட்ட ஆண்டுகள் எளிதானவையாக இருக்கவில்லை. ஒரு நாள் வெற்றி பெற்ற சோதனை மறுநாள் தோற்கும். சேர்க்கும் குருதிநீரைப் பொறுத்தும் எடுத்த ஆர் வடிவத்தைப் பொறுத்தும் முடிவு மாறியது. டி.என்.ஏ.வைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை ஏற்கும் நிலையில் பாக்டீரியா இருக்க வேண்டும் என்பதைத்தான் இத்தோல்விகள் சொல்லிக்கொண்டிருந்தன.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் ஆய்வு

தம் கண்டுபிடிப்பு உலகெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோது கிரிஃபித் அதைத் தொடரவில்லை. அமைச்சகத்துக்கு அப்போது தேவைப்பட்டது தொண்டை அழற்சி, ஸ்கார்லட் காய்ச்சல், பிரசவக் காய்ச்சல் ஆகியவற்றின் பரவலைக் கண்டறியும் வழி. எனவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிசை வகைப்படுத்தும் பணியில் இறங்கினார். கண்ணாடிச் சில்லில் ஒரு துளிக் குருதிநீருடன் பாக்டீரியாவைக் கலந்து அவை திரள்கின்றனவா என்று பார்க்கும் முறையைக் கையாண்டு, 1934இல் 27 வகைகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் சில உண்மையில் வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு மருத்துவமனையில் பிரசவக் காய்ச்சல் பரவினால் அது செவிலியர் தொண்டையிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று கண்டறிய இம்முறை உதவியது.

அதே காலத்தில் நியூயார்க்கில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் எம் புரதத்தைக் கொண்டு இப்பாக்டீரியாவை வகைப்படுத்திவந்தார். கிரிஃபித் இட்ட எண்களையே லான்ஸ்ஃபீல்டின் முறையும் பெரிதும் பின்பற்றியது. இருவரின் முறைகளும் பல பத்தாண்டுகள் அருகருகே பயன்பாட்டில் இருந்தன. கிரிஃபித்தின் முறை கண்டறிந்த மேற்பரப்புப் பொருள், பாக்டீரியா பிற செல்களைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் மெல்லிய இழைகளின் பகுதி என்பது 2005இல்தான் தெரிந்தது.

எம் புரதம் ஆய்வகத்தில் நெடுநாள் வளர்த்தால் குறைந்துபோவதும், சுண்டெலி வழியாகச் செலுத்தி எடுத்தால் திரும்புவதும் அக்காலத்தவர் அறிந்ததே. இதன் பின்னணியில் உள்ள அமைப்புகளுள் ஒன்று இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிசின் செல் சவ்வில் கோவ்-எஸ் என்னும் உணரிப் புரதம் பதிந்துள்ளது. வெளியே மக்னீசியம் மிகுந்திருந்தால் அது உள்ளே இருக்கும் கோவ்-ஆர் என்னும் புரதத்துக்குத் தகவல் தர, அது உறையையும் பல நச்சுப் பொருட்களையும் ஆக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. மனித வெள்ளணுக்களும் தோலும் சுரக்கும் எல்.எல்.-37 என்னும் கிருமிக்கொல்லிப் பெப்டைடு தென்பட்டால் நிலைமை தலைகீழாகிறது. அடக்குமுறை தளர்ந்து உறை தடிக்கிறது. கிருமியைக் கொல்ல உடல் அனுப்பும் ஆயுதத்தையே கிருமி எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. கோவ்-எஸ் மரபணுவே பழுதுபட்ட மாற்றுருக்களும் உடலுக்குள் தோன்றுவதுண்டு. அவற்றில் இப்பிடி நிரந்தரமாகத் தளர்ந்துவிடுவதால் அவை திசுக்களை அரிக்கும் கடுந்தொற்றை உண்டாக்குகின்றன. மேலே சொன்ன இரண்டு வழிகளும் ஒரே கிருமியில் அருகருகே செயற்படுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இயல்பு

கிரிஃபித் கூச்ச சுபாவம் உடையவர், மிகக் குறைவாகவே பேசுபவர். கட்டுரைகள் எழுதுவதிலும் அவசரம் காட்டியதில்லை. முடிவு உறுதியாகும் வரை வெளியிட மறுப்பார். 1936இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு நுண்ணுயிரியல் மாநாட்டுக்கு அவரை நண்பர்கள் ஏறத்தாழ வலுக்கட்டாயமாக வாடகை வண்டியில் ஏற்றி அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது என்பர். அங்கு அவர் படித்த கட்டுரையும் ஸ்ட்ரெப்டோகாக்கசைப் பற்றியதே. அவ்வாண்டில் தம் நாயுடன் நிற்கும் ஒரு நிழற்படம் அவரைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் காணப்படுகிறது. ஏவரியும் கிரிஃபித்தும் ஒருமுறையும் சந்தித்ததில்லை.

இறப்பு

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் நாட்டில் அவசரகாலப் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. கிரிஃபித்தும் ஸ்காட்டும் அப்பணியில் ஈடுபட்டனர். 1941 ஏப்ரலில் இலண்டன் மீது செருமானிய வானூர்திகள் நடத்திய இரவுக் குண்டுவீச்சில் இருவரும் ஒன்றாக இறந்தனர். அப்போது வெளியான இரங்கற் குறிப்பு சுருக்கமானது. இறந்த செல்களிலிருந்து வந்த பொருள் டி.என்.ஏ. என்ற அறிவிப்பு வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

கிரிஃபித்தின் கேள்வியும் பிற்கால விடைகளும்

சுண்டெலியின் உடலில் நிகழ்ந்த மாற்றம் குழாயில் ஏன் நிகழவில்லை? இதற்கு விடை தேடிய அலெக்சாண்டர் தோமாஸ் 1965இல் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார். நிமோகாக்கஸ் எப்போதும் டி.என்.ஏ.வை ஏற்பதில்லை. வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் திடீரென்று கூட்டம் முழுவதும் ஏற்கும் நிலைக்கு வருகிறது. அந்நிலையை அடைந்த செல்கள் ஊடகத்தில் ஒரு பொருளை விடுகின்றன, அது மற்றச் செல்களையும் அந்நிலைக்கு இழுக்கிறது. ஹார்மோன் போன்ற ஒரு செய்தி பாக்டீரியாக்களிடையே ஓடுகிறது என்ற இக்கருத்து அன்று புதுமையானது.

அப்பொருள் 17 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடு என்பதை 1995இல் ஹோவர்ஸ்டைன், குமாரசுவாமி, மாரிசன் ஆகியோர் கண்டறிந்தனர். இது செயற்படும் விதம் பின்வருமாறு. ஒவ்வொரு செல்லும் இப்பெப்டைடைச் சிறிதளவு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். சவ்வில் உள்ள காம்-டி என்னும் உணரிப் புரதம் வெளியே அது எவ்வளவு உள்ளது என்பதை அளக்கும். அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் காம்-டி உள்ளே உள்ள காம்-இ என்னும் புரதத்தை இயக்கும். காம்-இ முதலில் செய்யும் வேலை அதே பெப்டைடை மேலும் மிகுதியாக ஆக்கச் செய்வது. ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் சிறு ஓசையும் ஊளையாகப் பெருகுவது போன்ற சுழற்சி இது. அடுத்து வெளியிலிருந்து டி.என்.ஏ.வை இழுத்துத் தன் மரபணுத் தொகுதியில் இணைக்கும் புரதங்கள் ஆக்கப்படுகின்றன. சில பத்து நிமிடங்களில் இந்நிலை தானே அணைந்துவிடுகிறது.

இந்நிலையில் உள்ள செல்கள் இன்னொன்றையும் செய்கின்றன. அந்நிலைக்கு வராத அண்டைச் செல்களின் சுவரை உடைக்கும் புரதத்தை விடுகின்றன. உடைந்த செல்களிலிருந்து டி.என்.ஏ. வெளியாகிறது. கிரிஃபித் வெப்பத்தால் கொன்று கொடுத்ததை நிமோகாக்கஸ் தானே கொன்று பெற்றுக்கொள்கிறது.

வெளிச் சூழல் இந்தச் சுழற்சியைப் பல வழிகளில் பாதிக்கிறது. ஊடகத்தின் காரத்தன்மை, கால்சியத்தின் அளவு ஆகியன சரியாக அமைந்தால்தான் அது தொடங்கும். பழைய ஆய்வகங்களில் சோதனை ஒரு நாள் வென்று ஒரு நாள் தோற்றதற்கு இவையும் காரணமாயிருக்க வேண்டும். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் சில மருந்துகளும் குறிப்பிட்ட சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இந்நிலையைத் தூண்டிவிடுகின்றன என்று 2006இல் காட்டப்பட்டது. கிருமியைக் கொல்லக் கொடுத்த மருந்து, அக்கிருமி அண்டையிலிருந்து புதிய மரபணுக்களைப் பெறத் தூண்டுகோலாகவும் அமையலாம் என்பது மருத்துவர்கள் கவலையோடு நோக்கும் செய்தி.

மூக்கின் உட்புறத்தில் நிமோகாக்கஸ் படலமாகப் படிந்து நோய் ஏதும் உண்டாக்காமல் வாழ்வதே வழக்கம். பல வகைகள் அங்குக் கலந்து வாழும்போதுதான் டி.என்.ஏ. பரிமாற்றமும் மிகுதியாக நிகழ்கிறது. இன்புளுயன்சா வைரசு தாக்கும்போது உடல் வெப்பம் உயர்கிறது, சேதமுற்ற செல்களிலிருந்து ஏ.டி.பி. போன்ற பொருட்கள் கசிகின்றன. இவற்றை உணரும் நிமோகாக்கஸ் படலத்தைக் கலைத்துப் பிரிந்து பரவுகிறது என்றும், பிரிந்தவை படலத்தில் இருந்தவற்றைவிடக் கொடியவை என்றும் 2013இல் சுண்டெலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு தெரிவித்தது. 1918இல் சளிக்காய்ச்சலின் பின்னாலேயே நிமோனியா வந்ததற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம். ஒரு நிமோகாக்கஸ் செல்லில் இத்தகைய உணரியும் செயற்படுத்தியும் கொண்ட இணைகள் 13 உள்ளன. காம்-டி, காம்-இ இணை அவற்றுள் ஒன்று மட்டுமே.

இந்தியாவும் தமிழகமும்

நிமோனியா குழந்தைகளுக்கு வரும்போது நம் ஊர்களில் மார்ச்சளி என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னின்று, 1993 முதல் 1997 வரை இந்தியாவின் பல மருத்துவமனைகளில் கடும் நிமோகாக்கத் தொற்றுகளை ஆராய்ந்தனர். முடிவுகள் 1999இல் வெளியாயின. கிரிஃபித் பட்டியலிட்டுப் பார்த்த அதே 1ஆம் வகை இங்கும் முன்னிலையில் நின்ற வகைகளுள் ஒன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து தென் தமிழகச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் மூக்கில் நிமோகாக்கஸ் எப்போது குடியேறுகிறது என்று பார்த்தன. பெரும்பாலான குழந்தைகளிடம் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே அது காணப்பட்டது. பிறந்தவுடன் உயிர்ச்சத்து ஏ கொடுப்பது இக்குடியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது என்று 2001இல் அவர்கள் எழுதினர்.

நிமோகாக்கசின் பல வகைகளின் உறைச் சர்க்கரையைப் புரதத்துடன் இணைத்து ஆக்கப்படும் தடுப்பூசி இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களிலும், 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதிலும் சேர்க்கப்பட்டது. பிறந்த 6ஆம் வாரத்திலும் 14ஆம் வாரத்திலும் 9ஆம் மாதத்திலும் இது கட்டணமின்றிப் போடப்படுகிறது. திண்டுக்கல் சமவெளியில் ஆத்தூர், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் இதை மார்ச்சளிக்கான ஊசியாகவே அறிவர். அதே வட்டாரங்களின் பள்ளிகளில் 12ஆம் வகுப்பு மாணவர்கள் விலங்கியல் பாடத்தில் கிரிஃபித்தின் சுண்டெலிகளைப் படிக்கின்றனர். இரண்டும் ஒரே கிருமியைப் பற்றியவை என்று பாடநூல் வலியுறுத்திச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தடுப்பூசியில் உள்ள வகைகள் குறையும்போது இல்லாத வகைகள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. அமெரிக்காவில் 2000இல் ஏழு வகைகளுக்கான தடுப்பூசி வந்தபின், 4ஆம் வகையைச் சேர்ந்த ஒரு மரபுவழி, உறைக்கான மரபணுத் துண்டை 19ஏ வகையிலிருந்து பெற்றுத் தடுப்பூசிக்குத் தப்பியது. இது கிரிஃபித்தின் சோதனை மனிதர் மூக்கில் இயற்கையாகவே நிகழ்ந்ததற்குச் சமம். இந்தியாவில் புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய நிமோசில் தடுப்பூசி 10 வகைகளைக் காக்கிறது, 19ஏ அதில் உண்டு. 1928இல் சுண்டெலிகளின் குருதியில் உயிருடன் எழுந்த 3ஆம் வகை அதில் இல்லை.